பத்து செகண்ட் பார்த்தா ஒருத்தரைத் தெரிஞ்சிடுமா?

‘நேர்ல எப்படிப்பா இருந்தாரு?’ விக்கிரவாண்டி மாநாட்டுக்குப் போய்வந்த யாரைப் பார்த்தாலும் நாம் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, வி.சாலையில் 2024 அக்டோபர் 27-ம் தேதி நடந்தது தவெக-வின் முதல் மாநாடு. நீண்ட நடைமேடையில் விஜய் கையசைத்தபடி வந்தார். தொண்டர்கள் வீசிய கட்சித் துண்டுகளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். ‘எவ்ளோ எளிமை!’ என்று ரீல்ஸ் பறந்தது.

அந்தத் துண்டை வைத்து ஒருவரின் குணத்தைச் சொல்லிவிட முடியுமா என்ன? நம்மைக் கடந்துபோனது பத்து செகண்ட். காலையிலிருந்து நம்மோடு இருந்தது வெயிலும் தடுப்புக் கம்பியும் பவுன்சர்களும்தான். அன்று மயங்கி விழுந்தவர்கள் பலர்.

2025 ஆகஸ்ட் 21, மதுரை மாநாட்டில் நடைமேடையில் ஏறிய இளைஞரை பவுன்சர்கள் தூக்கி வீசியதாகப் புகார்; விஜய் மீதும் வழக்குப் பதிவானது. அடுத்த மாதம் 27-ம் தேதி, கரூரில் அவரைப் பார்க்கத் திரண்ட கூட்டத்தில் நெரிசல். 41 பேர் உயிரிழந்தார்கள்.

எந்த நட்சத்திரமாக இருந்தாலும் சரி, அடுத்த முறை போய்வந்தவரிடம் முதலில் இதைக் கேளுங்கள்: தண்ணி கிடைச்சுதா? வெளியே வர வழி இருந்துச்சா? சிரிச்சாரான்னு அப்புறம் கேட்டுக்கலாம்.