விருந்தினரா, உள்வாடகைதாரரா? மும்பை வாடகை வீடுகளில் சட்டம் வகுக்கும் எல்லை

மும்பை: பரேல் டாடா நினைவு மருத்துவமனைக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை பெற வரும் தமிழக நோயாளிகளுக்கு, தாராவியிலோ மாட்டுங்காவிலோ செம்பூரிலோ உறவினர் இருந்தால் அந்த வீடே தங்குமிடமாகிறது. சிகிச்சை மாதக்கணக்கில் நீள்வதும் உண்டு. அது வாடகை வீடாக இருப்பின், 'வந்திருப்பவர் யார், எத்தனை நாள் தங்குவார்?' என்ற உரிமையாளரின் கேள்வியும் உடன் எழுகிறது.

2000 மார்ச் 31 முதல் நடைமுறையில் உள்ள மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999, வாடகைதாரர் விருந்தினரை ஏற்பதைத் தடை செய்யவில்லை. தங்கும் நாள்களுக்கும் வரம்பு விதிக்கவில்லை. அது தடுப்பது உள்வாடகையை. ஒப்பந்தத்தில் அனுமதி இல்லாமல் உள்வாடகைக்கு விடுவது 26ஆவது பிரிவின்படி சட்டவிரோதம். அந்தக் காரணத்துக்காக வீட்டை மீட்க 16ஆவது பிரிவின்கீழ் உரிமையாளர் நீதிமன்றத்தை நாடலாம்.

விருந்தோம்பல் எங்கே முடிந்து உள்வாடகை எங்கே தொடங்குகிறது? கோவா வழக்கு ஒன்றில் 2009ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. வீட்டின் முழு அனுபவமும் மூன்றாம் நபரின் கைக்குச் செல்ல வேண்டும். அதற்கு ஈடாகப் பணமோ வேறு பலனோ பெறப்பட்டிருக்க வேண்டும். முழு அனுபவம் கைமாறியதை உரிமையாளர் நிறுவினால், விளக்கம் அளிக்கும் பொறுப்பு வாடகைதாரரைச் சேரும். ஆகவே வாடகைதாரர் உடன் வசிக்கும் வரை உறவினர் தங்குவது உள்வாடகை ஆகாது. சாவியை உறவினரிடம் கொடுத்துவிட்டு அவர் ஊருக்குச் சென்றுவிட்டால்தான் சிக்கல் தொடங்குகிறது.

உரிமையாளர்களின் அச்சத்துக்கும் வரலாற்றுக் காரணம் உண்டு. பழைய பம்பாய் வாடகைச் சட்டத்தில் கொண்டுவரப்பட்ட திருத்தம், 1973 பிப்ரவரி 1 அன்று உரிம அடிப்படையில் குடியிருந்தோரை வாடகைதாரர்களாகவே அங்கீகரித்தது. தற்காலிகமாகத் தங்கியவர் நிரந்தர உரிமை பெற்ற அந்த அனுபவம் நகரின் நினைவிலிருந்து இன்னும் நீங்கவில்லை.

வீட்டின் தன்மைக்கேற்ப நிலைமையும் மாறுகிறது. மாட்டுங்காவின் பழைய கட்டடங்களில் பகடி முறையில் வசிப்போருக்கு வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு வலுவானது. செம்பூரின் அடுக்குமாடி வீடுகளில் பெரிதும் வழக்கில் உள்ள 'லீவ் அண்ட் லைசென்ஸ்' முறையில் ஒப்பந்தத்தின் வரிகளே முதன்மை பெறுகின்றன. விருந்தினர் குறித்த நிபந்தனையில் கையெழுத்திட்டவர் அதற்குக் கட்டுப்பட்டவர். ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது உரிமையாளரின் கடமை. பதிவு செய்யப்படாவிடில், மாறாக நிரூபிக்கப்படும் வரை நிபந்தனைகள் பற்றி வாடகைதாரர் கூறுவதே ஏற்கப்படும் என்கிறது 55ஆவது பிரிவு.

தாராவியில் வாய்மொழி ஏற்பாட்டில் குடியிருப்போரின் நிலையே கடினமானது. மறுசீரமைப்புத் திட்டத்துக்காக 2024 மார்ச்சில் கணக்கெடுப்பு தொடங்கிய பின், ஒரு வீட்டில் யார் வசிக்கிறார் என்ற பதிவு மறுவாழ்வு உரிமையோடு பிணைந்துள்ளது. இச்சூழலில் கூடுதலாக ஒருவர் தங்கினாலும் ஐயத்துக்கு இடமாகிறது.

வாடகைதாரருக்குப் பொறுப்புகளும் உண்டு. உடன் தங்குபவர் அண்டை வீட்டாருக்குத் தொல்லை விளைவித்தால், அதுவும் வெளியேற்றத்துக்குக் காரணமாகலாம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உடைய உறவினர் தங்கினால், 24 மணி நேரத்துக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும்.

அதேவேளை, விருந்தினர் மீதான அதிருப்தியால் குடிநீரையோ மின்சாரத்தையோ நிறுத்த உரிமையாளருக்கு அதிகாரமில்லை. 29ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது.

நீண்ட நாள் தங்க வருபவரின் பெயர், காரணம், உத்தேசக் காலம் ஆகியவற்றை முன்கூட்டியே உரிமையாளருக்கு எழுத்து மூலம் தெரிவிப்பது இரு தரப்பையும் காக்கும். வந்தவர் விருந்தினரே என்பதற்குப் பின்னாளில் அக்கடிதம் சான்றாகும். நோயாளியைக் கவனிக்க வேண்டிய குடும்பம் நீதிமன்றப் படியேறும் நிலையையும் அது தவிர்க்கக்கூடும்.