கடன் வாங்கிய பண்டிகையா?



டிசம்பர் வந்தாலே நம் விடுதியில் ஒரு வாக்குவாதம் கிளம்பிவிடும். "டிசம்பர் 25-லதான் இயேசு பிறந்தார்னு பைபிள்ல எங்கடா இருக்கு?" என்பான் ஒருவன். "மரம் ஜெர்மனிக்காரன்கிட்ட, தாத்தா துருக்கியிலேர்ந்து... எல்லாமே கடன் வாங்கினதுதானே!" என்பான் இன்னொருவன். ஸ்டார் கட்டிக்கொண்டிருக்கும் நண்பன் பதில் தெரியாமல் முழிப்பான். அவனுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் உண்மையை ஒப்புக்கொள்வோம். மத்தேயுவும் லூக்காவும் பிறப்பைச் சொல்கிறார்கள், தேதியைச் சொல்லவில்லை. டிசம்பர் 25-க்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்று கி.பி. 336-ம் ஆண்டு ரோமாபுரியைச் சேர்ந்தது. சூரிய தேவனின் விழா நாளைத்தான் எடுத்துக்கொண்டார்களா, வேறு கணக்கில் வந்ததா என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். ஆர்மீனியத் திருச்சபைக்கோ ஜனவரி 6-தான் பண்டிகை!

நம் நண்பன் கேட்கும் கேள்வியும் புதிதல்ல. "பைபிளில் இல்லை" என்று சொல்லியே 1647-ல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் கிறிஸ்துமஸைத் தடை செய்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1659-ல் கொண்டாடியவர்களுக்கு ஐந்து ஷில்லிங் அபராதம்! தடை போனது, பண்டிகை நின்றது. ஏன்? ஆளாளுக்குத் தங்களுக்குத் தெரிந்ததை அதில் சேர்த்தார்கள். அதனால்தான்.

1223-ல் இத்தாலியின் கிரெச்சியோ கிராமத்தில், வைக்கோல், மாடு, கழுதை வைத்துக் குடில் அமைத்தார் அசிசி பிரான்சிஸ். ஜெர்மனிக்காரர்கள் மரத்தை வீட்டுக்குள் கொண்டு வந்தார்கள். 1882-ல் நியூயார்க்கில், எடிசனின் கூட்டாளி எட்வர்டு ஜான்சன் அந்த மரத்தில் 80 மின்விளக்குகளை எரியவிட்டார். எலெக்ட்ரிக்கல் பிரிவு நண்பர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்! பல முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும் 'மொராவியன் ஸ்டார்' 1830-களில் ஜெர்மனியின் நீஸ்கி ஊர்ப் பள்ளியில், ஜியோமெட்ரி பாடத்துக்காகச் செய்யப்பட்டது. நம்மைப் போன்ற பையன்கள் கணக்கு வகுப்பில் ஒட்டிய காகிதம்தான் அது!

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? கடன் வாங்காத பண்டிகை உலகில் உண்டா? பல கை சேர்ந்தால்தான் தேர் நகரும்.

ஆனால் ஒன்றை மறந்தால்தான் ஆபத்து. இத்தனை அலங்காரத்துக்கும் நடுவில் இருப்பது என்ன? சத்திரத்தில் இடம் கிடைக்காத ஓர் ஏழைத் தாய். பிள்ளையைக் கிடத்தியது முன்னணையில். அதாவது மாடு தீனி தின்னும் தொட்டியில். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சீரியல் செட்டும் கேக்கும்தான். தேதி சரியா தப்பா என்று சண்டை போடுகிற நாம் இதைப் பற்றி ஒரு நாளாவது பேசினோமா?

கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு மூலமான மைராவின் நிக்கோலஸ், மூன்று பெண்களைக் கரையேற்ற வழியில்லாத ஒரு தகப்பன் வீட்டில், இரவோடு இரவாகப் பொற்காசு முடிப்பைப் போட்டுவிட்டுப் போனார் என்பது கதை. பெயரும் சொல்லவில்லை, போட்டோவும் பிடிக்கவில்லை!

நம் விடுதியிலும் மெஸ் பில் பாக்கிக்காகப் பாதியில் பெட்டியைக் கட்டும் நண்பன் இருக்கிறான். ஸ்டாருக்கு வசூலிக்கும்போது அவன் பாக்கியையும் சேர்த்து வசூலிப்போம். யார் கட்டியது என்று அவனுக்குத் தெரியவே வேண்டாம். எந்த மதத்துக்காரனும் இந்தக் கிறிஸ்துமஸைக் கொண்டாடலாம். தேதி எதுவானால் என்ன?

செய்வோமா நண்பர்களே?

- மூன்றாம் ஆண்டு, எலெக்ட்ரிக்கல்