பாய் நெய்யும் அக்கா 'வேலை' பார்க்கிறாரா? எண்ணுகிறவர்களுக்கு ஏன் ஒரு சங்கம் வேண்டும்?

பத்தமடையில் பாய் வாங்கப் போனால் விலையைக் கேட்பதற்கு முன்னால் 'எத்தனை கவுண்ட்?' என்று கேட்க வேண்டும். பாவில் ஓடும் நூலின் எண்ணிக்கைதான் அது. எண்ணிக்கை கூடக் கூட கோரையை மெல்லிசாகக் கீற வேண்டும், நெய்யும் நாட்களும் கூடும். கடைசியில் பட்டுத்துணி மாதிரி மடங்கும் பாய் கிடைக்கும். எண்ணிக்கையின் அருமை தெரிந்த ஊர் இது.

இந்த ஊரில் ஒரு வீட்டுக்கு மத்திய அரசின் கணக்கெடுப்பாளர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். "என்னம்மா வேலை பாக்கீங்க?" என்று கேட்கிறார். "வேலையெல்லாம் ஒண்ணுமில்ல சார், வீட்லதான் இருக்கேன். சும்மா இருக்க நேரத்துல பாய் நெய்வேன்" என்கிறார் அந்த வீட்டு அக்கா.

இப்போது அந்த அக்கா எந்தக் கட்டத்தில் விழுவார்? தேசிய தொழிலாளர் கணக்கெடுப்பில் 93 என்று ஒரு குறியீட்டு எண் உண்டு. வீட்டு வேலையோடு விறகு பொறுக்குவது, தைப்பது, நெய்வது போன்றவற்றைச் சொந்த வீட்டுத் தேவைக்காகச் செய்பவர்களுக்கான எண் அது. 93 விழுந்தால் அவர் உழைப்பாளர் பட்டியலில் இல்லை. அதே பாயை விற்பதற்காக நெய்கிறார் என்று தெரிந்தால், அவர் சுயதொழில் செய்பவர் அல்லது குடும்பத் தொழிலில் உதவுபவர். அதாவது, உழைப்பாளர்.

'நெய்யுற பாயை விக்கிறீங்களா?' என்ற ஒரே ஒரு அடுத்த கேள்விதான் வித்தியாசம். அதைக் கேட்க விட்டால், அவர் புள்ளிவிவரத்தில் காணாமல் போவார். கடன் திட்டமோ நலவாரியமோ அந்த எண்ணிக்கையை வைத்துத்தானே திட்டமிடப்படுகிறது?

சரி, இதில் சங்கத்துக்கு என்ன வேலை?

கேள்வியை எப்படிக் கேட்பது, யாரை எந்தக் கட்டத்தில் போடுவது என்பதை முடிவு செய்பவர்கள் புள்ளியியலாளர்கள். டாக்டருக்கு மருத்துவக் கவுன்சில், வக்கீலுக்கு பார் கவுன்சில் இருப்பதுபோல இவர்களுக்கு இங்கே உரிமம் தரும் அமைப்பு எதுவும் இல்லை. தப்பாக எண்ணினால் சுட்டிக்காட்டவும், சரியாக எண்ணியவரை யாராவது மிரட்டினால் கூட நிற்கவும் சக தொழில்காரர்களின் சங்கம்தான் இருக்கிறது.

கதிர்க்கட்டும் களத்துமேடும்

1834-இல் லண்டனில் ஒரு புள்ளியியல் சங்கம் தொடங்கியது. மக்கள்தொகை பற்றி எழுதிய மால்தஸ், கணிப்பொறியின் முன்னோடி சார்லஸ் பாபேஜ் போன்றவர்கள் அதன் பின்னால் இருந்தார்கள். இன்றைய ராயல் ஸ்டாட்டிஸ்டிக்கல் சொசைட்டி அதுதான். அதன் சின்னம் ஒரு கோதுமைக் கதிர்க்கட்டு. 'போரடிப்பது மற்றவர்கள் வேலை' என்ற பொருளில் ஒரு லத்தீன் வாசகமும் இருந்தது. நாங்கள் அறுத்துக் கட்டித் தருவோம். அடித்து நெல் எது, பதர் எது என்று பிரிப்பது உங்கள் பாடு.

பிற்பாடு அந்த வாசகத்தைக் கைவிட்டார்கள். எண்ணைக் கொடுத்துவிட்டு அதன் அர்த்தத்தைப் பற்றி வாய் திறக்காமல் இருக்க முடியவில்லை. 1858-இல் அந்தச் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினரானவர் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல். போர்க்காயத்தைவிட ஆஸ்பத்திரி அசுத்தமே அதிகச் சிப்பாய்களைக் கொன்றது என்று வரைபடம் போட்டுக் காட்டியவர். அவர் போரடிக்காமல் விட்டிருந்தால் அந்த எண்கள் கோப்பில்தான் தூங்கியிருக்கும். அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 1839-இல் பாஸ்டனில் பிறந்தது.

இந்தியாவில் 1931 டிசம்பரில் கொல்கத்தாவில் மகலனோபிஸ் முயற்சியில் உருவானது இந்தியப் புள்ளியியல் நிறுவனம். அதுவும் ஒரு சங்கமாகத்தான் பிறந்தது. முதல் ஆண்டுச் செலவு 250 ரூபாய்கூட இல்லை. 1933-இல் 'சங்க்யா' ஆய்விதழ் வந்தது. 1947-இல் இந்திய வேளாண் புள்ளியியல் சங்கம் தொடங்கியது.

அந்தக் காலத்து ஒரு சண்டை நம்ம ஊர் வயலுக்கும் சம்பந்தப்பட்டது. விளைச்சலை மதிப்பிட வயலில் எவ்வளவு பெரிய துண்டை அறுத்துப் பார்ப்பது? மகலனோபிஸ் சின்னத் துண்டு போதும் என்றார். சுகாத்மே, கூடாது என்றார். துண்டு சிறிதானால் ஓரத்துப் பயிரையும் சேர்த்து அறுத்துவிடுவார்கள், விளைச்சல் கூடுதலாகத் தெரியும் என்பது அவர் வாதம். இன்று தாமிரபரணிப் பாசனத்தில் பிசானம் பொய்த்தால் பயிர்க் காப்பீட்டுத் தொகை வருமா என்பது இந்த மாதிரி அறுவடைச் சோதனையில்தான் இருக்கிறது. விளைச்சல் கூடுதலாகத் தெரிந்தால் இழப்பீடு குறையும். இரண்டு மேதைகள் ஆய்விதழ்களில் பகிரங்கமாகச் சண்டை போட்டதால் லாபம் விவசாயிக்குத்தான்.

எண் பிடிக்காதபோது

கிரேக்க நாட்டில் 2010-இல் புள்ளியியல் துறைத் தலைவரான ஆண்ட்ரியாஸ் ஜார்ஜியு, அரசின் பற்றாக்குறையை மறைக்காமல் வெளியிட்டார். ஐரோப்பிய யூனியனின் புள்ளியியல் அமைப்பு அந்த எண்களை ஏற்றுக்கொண்டது. ஆனால் சொந்த நாட்டில் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்தது. சர்வதேசப் புள்ளியியல் சங்கங்கள் அவருக்காகக் குரல் கொடுத்தன. 2025 ஆகஸ்டில், வேலைவாய்ப்பு எண்கள் சரியில்லை என்று அமெரிக்க அதிபர் அந்தத் துறைத் தலைவரைப் பதவிநீக்கம் செய்தபோது, அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் எதிர்த்துப் பேசியது.

இங்கே? 2019 ஜனவரியில் வேலையின்மை அறிக்கை வெளிவராமல் கிடந்தபோது, தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் பி.சி. மோகனனும் ஜே.வி. மீனாட்சியும் ராஜினாமா செய்தார்கள். தேர்தல் முடிந்து மே 31-இல்தான் அறிக்கை வந்தது: வேலையின்மை 6.1 சதவீதம். இடையில், மார்ச் மாதம், 108 பொருளாதார, சமூக அறிவியல் அறிஞர்கள் அறிக்கை விட்டார்கள். ஆனால் புள்ளியியலாளர் சங்கங்களின் குரல் சாதாரண வாசகர் காதில் விழும் அளவுக்கு ஒலித்ததாக எனக்கு நினைவில்லை.

காரணம் உண்டு. நம் நாட்டில் புள்ளியியலை வளர்த்தது அரசு. 1959-இல் நாடாளுமன்றச் சட்டம் கொல்கத்தா நிறுவனத்துக்குத் தேசிய முக்கியத்துவம் தந்தது. பெரிய ஆதரவுதான், ஆனால் சம்பளமும் நிதியும் ஒரே கையிலிருந்து வரும்போது அந்தக் கையை விமர்சிப்பது கஷ்டம். அந்த நிறுவனத்தின் சங்க அடையாளத்தையே மாற்றும் வரைவு மசோதா 2025-இல் வந்தபோது, ஆசிரியர்களும் மாணவர்களும் தன்னாட்சி போய்விடும் என்று எதிர்த்தது இதனால்தான்.

'இதெல்லாம் ஆங்கிலத்தில் கட்டுரை படிக்கும் பேராசிரியர் கிளப்புதானே' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மாநாடு நடத்தி, விருது கொடுத்து, குழு போட்டோ எடுத்துக் கலைகிற சங்கத்தால் பத்தமடைக்கு ஒரு பயனும் இல்லை. நான் கேட்பது மூன்றே விஷயங்கள். ஒவ்வொரு பெரிய கணக்கெடுப்பின் கேள்விகளையும் தமிழில் மக்களுக்கு விளக்குங்கள். அறிக்கை தாமதமானால், ஆளும் கட்சி எதுவானாலும், ஏன் என்று பகிரங்கமாகக் கேளுங்கள். உண்மையைச் சொன்ன அலுவலர் தனியாக நிற்கும்போது பக்கத்தில் போய் நில்லுங்கள்.

டேட்டா சயின்ஸ் வேலையில் இருக்கும் இளைஞர்களே, இது உங்கள் தொழிலும்தான். உங்கள் டாஷ்போர்டில் தெரியும் ஒவ்வொரு எண்ணையும் யாரோ ஒருவர் எங்கோ ஒரு வாசலில் நின்று கேட்டு வாங்கியிருக்கிறார். மேனேஜருக்குப் பிடிக்காத எண்ணை நீங்கள் சொல்லும்போது துணைக்கு ஆள் வேண்டாமா?

2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் யாராவது பத்தமடைக் கதவைத் தட்டுவார்கள். அக்கா "வீட்லதான் இருக்கேன்" என்றுதான் சொல்வார். அடுத்த கேள்வியைக் கேட்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறோமா?