ஸ்னோபியர்சர்: கர்ட்டிஸ் கேக்காம விட்ட கேள்வி

நேத்து ராத்திரி ரூம்மேட்டோட 'ஸ்னோபியர்சர்' (2013) மறுபடியும் பார்த்தேன். போங் ஜூன்-ஹோ படம். விமர்சனம் எல்லாம் இல்லீங்க, ஒரே ஒரு விஷயம். முடிவைச் சொல்லப் போறேன், படம் பார்க்காதவங்க இப்பவே அப்பீட் ஆகிக்கோங்க :)

உலகமே உறைஞ்சு 17 வருஷம். மிச்சமிருக்கிற சனம் மொத்தமும் ஒரே ரயில்ல. கடைசிப் பெட்டி கர்ட்டிஸ் எஞ்சின் வரைக்கும் போகணும், வழியெல்லாம் பூட்டின கதவு. பூட்டுகளை வடிவமைச்ச நாம்குங் மின்சு சிறைப் பெட்டியில கிடக்கான். கதவைத் திறந்தா க்ரோனோல்ங்கற போதைவஸ்து தர்றேன்னு பேரம். ஒருத்தன் பேசுறது மத்தவனுக்குப் புரியாது, நடுவுல மொழிபெயர்ப்புக் கருவி வேற!

"போதைக்காரனைப் போய் நம்பினான் பாரு"ன்னான் ரூம்மேட். எனக்கு அப்படித் தோணலை. எஞ்சின் கதவு வரைக்கும் சொன்னபடி திறந்து விட்டானே! கர்ட்டிஸ் கோட்டை விட்டது வேற இடத்துல. 'இவ்ளோ வாங்கி என்னய்யா பண்ணப் போறே?'ன்னு கேக்கவே இல்லை. க்ரோனோல் தீப்பிடிக்கும். அவன் சேர்த்து வெச்சது வெளிக்கதவைத் தகர்க்க. பனியில புதைஞ்ச விமானம் வருஷா வருஷம் கொஞ்சம் கூடுதலா வெளியே தெரியுது, அதனால பனி உருகுதுன்னு ஜன்னல் வழியா பார்த்துக் கணக்கு வெச்சிருந்தவன்.

கேட்டிருந்தா? கர்ட்டிஸ் அவனைத் திரும்ப உள்ளேயே தள்ளியிருப்பான். யோனாவும் குட்டிப் பையன் டிம்மியும் பனியில கால் வெச்சிருக்க மாட்டாங்க. ஆனா ரயில் கவிழ்ந்திருக்காது, அத்தனை பேரும் போயிருக்க மாட்டாங்க. எனக்கென்னவோ கர்ட்டிஸ் கேட்டிருக்கணும்னுதான் படுது.

கடைசியில அந்தப் பனிக்கரடி வேற ரெண்டு பேரையும் பார்த்துக்கிட்டு நிக்குது. நம்பிக்கைங்கறான் ரூம்மேட். பசியில இருந்தா என்னடா பண்றதுங்கறேன் நான்!