ரெண்டாவது சாக்ஸைக் கழற்றச் சொல்லுங்க

"டாக்டர், ரெண்டு சாக்ஸ் போட்டுத்தான் சைக்கிள்ல வேலைக்குப் போறான். அப்பவும் கால் விரல் மரத்துப் போகுதாம். என்ன மாத்திரை அனுப்பலாம்?"

பாரிஸ் பக்கம் இருக்கும் மகனுக்காக ஒரு அம்மா கேட்ட கேள்வி. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் நம்ம காரைக்கால். இன்றைக்கும் இங்கே பல குடும்பங்களின் பிள்ளைகள் பிரான்சில். அதனால்தான், மார்கழிப் பனிக்கே மஃப்ளர் கட்டும் ஊரில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

மாத்திரை வேண்டாம்மா. அந்த ரெண்டாவது சாக்ஸைக் கழற்றச் சொல்லுங்க என்றேன். நம்பாமல் பார்த்தார்.

காரணம் இதுதான். சாக்ஸ் சூட்டை உண்டாக்காது. இருக்கும் சூட்டைப் பிடித்துத்தான் வைக்கும். பாதத்துக்குச் சூட்டைக் கொண்டு வருவது ரத்தம். குளிர் பட்டால் உள்ளுறுப்புகளைக் காப்பாற்ற உடம்பு விரல்களின் ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும். அளவெடுத்து வாங்கிய ஷூவுக்குள் ரெண்டு சாக்ஸைத் திணித்தால், மிச்சம் வரும் ரத்தமும் தடைபடும்.

சைக்கிளில் இன்னும் மோசம். நடக்கும்போது பாதம் மடங்கி விரியும். பெடலில் தொடைதான் உழைக்கும், விரல்கள் சும்மாவே இருக்கும். கூடவே காற்று. 0 டிகிரியில் மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு மைனஸ் 5 மாதிரி இருக்கும். காற்றே இல்லாத நாளிலும் சைக்கிள் வேகமே அந்தக் காற்றை உண்டாக்கிவிடும்.

அப்போ என்ன செய்யணும்?

1. சாக்ஸோடு போட்ட பிறகும் ஷூவுக்குள் விரல் தாராளமா அசையணும்.

2. கம்பளி சாக்ஸ் ஒன்று போதும். பருத்தி வேர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும். ஈரம் சூட்டை இழுத்துவிடும். பையில் காய்ந்த ஜோடி ஒன்று இருக்கட்டும்.

3. ஷூவுக்கு மேல் காற்றும் மழையும் புகாத உறை.

4. உடம்பு, தலை, கெண்டைக்கால் மூடியிருக்கணும். உடம்பு குளிர்ந்தால் பாதத்துக்கு ரத்தம் வராது.

5. விரல் மரத்தால் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கிட்டு அஞ்சு நிமிஷம் நடங்க.

6. சூடேற்றிக்க சிகரெட் பிடிக்கிறேன்னு சொல்லாதீங்க தம்பி. நிகோட்டின் ரத்தக்குழாயை இன்னும் சுருக்கும்.

இனி சொல்லப்போவது சர்க்கரை உள்ளவங்களுக்கு. மகனைப் பார்க்கப் போகும் அப்பாக்களும் கவனிங்க. சில்லிட்ட காலை வெந்நீரில் வைக்காதீங்க, ஹீட்டர் பக்கத்தில் நீட்டாதீங்க. நரம்பு பாதித்த பாதத்துக்குச் சூடு தெரியாது, தோல் வெந்தாலும் தெரியாது. அப்படி வெந்த பாதங்களுக்கு நம்ம ஊரிலேயே கட்டுப் போட்டிருக்கேன். ஒன்றில் விரலையே எடுக்க வேண்டி வந்தது. காய்ந்த சாக்ஸும் போர்வையும் போதும், மெதுவா சூடாகட்டும்.

விரல் வெளுத்து, மெழுகு மாதிரி கெட்டியாகி உணர்வே இல்லை என்றால் தேய்க்கக் கூடாது. உடனே மருத்துவமனை. குளிர் படும்போதெல்லாம் விரல் வெளுத்து, நீலமாகி, சிவந்தால் டாக்டரிடம் காட்டுங்க. அது வேறு நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

அந்த அம்மா கடைசியில் சொன்னது: "அந்த ஷூவை கரெக்ட் சைஸ் பார்த்து வாங்கி அனுப்பினதே நான்தான் டாக்டர்."

பாசத்தில் தப்பில்லை, அளவில்தான் தப்பு. இன்னைக்கு ராத்திரி வீடியோ காலில் 'சாப்பிட்டியா'வுக்கு அப்புறம் 'ஷூவுக்குள்ள விரல் அசையுதா'ன்னும் கேட்டுடுங்க.