மெர்போக்கில் பார்த்த கோயிலும், நாம லோரியில ஏத்துன கல்லும்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையா படிச்சிட்டு உங்க கருத்தைச் சொல்லுங்க.

பள்ளி விடுமுறையில நம்ம ஆலய இளைஞர் பிரிவு கெடாவுக்கு ஒரு நாள் சுற்றுலா போனது உங்களுக்குத் தெரியும். விடிகாலை 4 மணிக்குக் கோயில் வாசல்ல தேங்காய் உடைச்சிட்டு பஸ் ஏறினோம். முதல்ல மெர்போக்கில் இருக்கிற பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம், சாயங்காலம் சுங்கைப்பட்டாணி சுப்பிரமணியர் கோயில் தரிசனம். முருகன் தரிசனம் நிறைவா இருந்துச்சு. ஆனா நான் எழுத வந்தது காலையில பார்த்ததைப் பத்தி.

ஜெராய் மலை அடிவாரத்துல, ஓடைச் சத்தம் கேட்கிற இடத்துல இருக்கு புக்கிட் பத்து பஹாட் சண்டி. சண்டின்னா அங்க பழைய கோயில். 1960-ல கிடைச்ச கல்லையெல்லாம் சேர்த்து அதே இடத்துல மறுபடி அடுக்கி வச்சிருக்காங்க. விமானம் இருந்த இடம், முன்னால மண்டபம், தூண் நிறுத்த குழி வெட்டின கல். அவ்வளவுதான் மிச்சம். தூணும் கூரையும் மரமா இருந்ததால மக்கிப் போச்சு. "அங்கிள், சாமி எங்க?"ன்னு ஒரு சின்னப் பையன் கேட்டான். எனக்குப் பதில் வரல. நம்ம கூட வந்த ஒரு ஆன்ட்டி யாரும் சொல்லாமலே செருப்பைக் கழட்டி ஓரமா வச்சாங்க.

உள்ள அருங்காட்சியகத்துல உடைஞ்ச பிள்ளையார், மகிஷாசுரமர்த்தினி சிலையில மிஞ்சின பாகம் எல்லாம் இருக்கு. என்னை நிறுத்தினது அது இல்ல. கருவறையிலிருந்து அபிஷேக தண்ணி வெளிய போற கல் வாய்க்கால். வெள்ளிக்கிழமை தோறும் நம்ம கோமுகியைத் தேய்ச்சுக் கழுவுறவன் நான். அதே வேலைக்கு அதே மாதிரி ஒரு கல். அதையும் யாரோ ஒருத்தர் தினமும் கழுவியிருப்பார் இல்லையா? அந்த இடத்துல கொஞ்ச நேரம் நின்னுட்டேன்.

பஸ்ல திரும்பும்போது ஒரே பெருமைப் பேச்சு. "எல்லாம் ராஜேந்திர சோழன் கட்டினது"ன்னு வாட்சாப்புல வந்ததை ஒருத்தர் வாசிச்சார். ஐயா, கோவிக்காதீங்க. 1025 வாக்குல ராஜேந்திரன் கடாரத்து மேல படையெடுத்தது உண்மை. அதுக்கு முன்னாடி அவர் அப்பா ராஜராஜன் காலத்துல, கடாரத்து அரசர் நாகப்பட்டினத்துல கட்டின புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம்ங்கிற ஊரையே கொடுத்ததும் உண்மை. ஆனா இந்தச் சண்டிகளைச் சோழர் கட்டினாங்கன்னு ஆதாரம் இல்ல. கப்பல்ல வந்து போன வியாபாரிங்க, இங்கேயே இருந்த ஜனங்க, இவங்க கும்பிட்ட இடங்கள். இந்துக் கோயிலும் உண்டு, புத்தர் கோயிலும் உண்டு. ராஜா பேரு இல்லன்னா மதிப்பு குறைஞ்சிடுமா என்ன?

அப்புறம் பேச்சு 2013-க்குப் போச்சு. அந்த வருஷம் சுங்கை பத்து தோட்டத்துல 11-ஆம் எண் சண்டியை வீடமைப்புத் திட்டத்துக்காக இடிச்சுட்டாங்க. ஆயிரம் வருஷத்துக் கல், மண்வாரி இயந்திரத்துக்கு எவ்வளவு நேரம் தாங்கும்? நாடே கொதிச்சது. நானும் அப்ப முகநூல்ல காரசாரமா எழுதினவன்தான். பஸ்ல எல்லாரும் மறுபடி ஆத்திரப்பட்டாங்க. நான் மட்டும் வாயைத் திறக்கல.

ஏன்னா எனக்கு நம்ம கோயில் போன திருப்பணி ஞாபகம் வந்துடுச்சு. பழைய மண்டபத்தை இடிச்சப்போ தோட்டத்துக் காலத்துக் கல் பலகை ஒண்ணு சுவத்துல இருந்துச்சு. லயத்துல இருந்தவங்க பேரு, பக்கத்துல ஒரு வெள்ளி, ரெண்டு வெள்ளின்னு அவங்க கொடுத்த காசு. பாதி எழுத்து அழிஞ்சிருந்தது. குப்பை லோரி காத்துக்கிட்டிருந்தது. நானும் இன்னொரு தம்பியும்தான் தூக்கி ஏத்தினோம். ஒரு போட்டோ கூட எடுக்கல, கையில போன் இருந்தும். கும்பாபிஷேகம் முடிஞ்சு மூணாவது வாரம் ஒரு பாட்டி வந்து, "எங்கப்பா பேரு இருந்த கல்லு எங்கய்யா?"ன்னு கேட்டாங்க. "உள்ள எடுத்து வச்சிருக்கோம் பாட்டி"ன்னு பொய் சொன்னேன். இன்னிக்கு வரைக்கும் அவங்களைப் பார்த்தா பிரசாதம் கொடுக்கிற சாக்குல வேற பக்கம் போயிடுவேன்.

அங்க இடிச்சவங்களுக்கு அது என்னன்னு தெரியலன்னு சொல்லலாம். எனக்குத் தெரியும். படிச்சுப் பார்த்துட்டுத்தான் தூக்கினேன்.

"கோயில் என்ன மியூசியமா? பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும்னு ஆகமமே சொல்லுது"ன்னு நிர்வாகத்துல பெரியவங்க கேட்பாங்க. நியாயமான கேள்வி. மழை ஒழுகிற மண்டபத்தை அப்படியே வச்சிருக்க முடியாது. பூஜை நடக்கிற கோயில் மாறத்தான் செய்யும், மெர்போக் மாதிரி பூஜை இல்லாம சுத்தமா இருக்கிறதை விட அது எவ்வளவோ மேல். நான் புதுப்பிக்க வேண்டாம்னு சொல்லல. ஆகமம் பாலாலயம் செஞ்சு சாமியைப் பத்திரமா மாத்தி வைக்கச் சொல்லுது இல்லையா? அந்தக் கவனத்துல கால்வாசி, பேர்ப் பலகைக்கும் பழைய மணிக்கும் மரக் கதவுக்கும் கொடுக்கலாமேன்னுதான் கேட்கிறேன். டைல்ஸ் தேர்ந்தெடுக்க நாலு கூட்டம் போட்டோம். இதுக்கு அரை மணி நேரம் கூட ஒதுக்கல.

அடுத்த திருப்பணிக் கூட்டத்துல இதை எழுத்து மூலமா வைக்கப் போறேன். இடிக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சுவரையும் படம் எடுக்கணும், எழுத்து இருக்கிற எந்தக் கல்லும் நிர்வாகம் கையெழுத்துப் போடாம வாசலைத் தாண்டக் கூடாது, ஸ்டோர் பக்கத்து சின்ன அறையை இதுக்கு ஒதுக்கணும். செலவு ஒரு அலமாரி காசுதான். ஆதரிக்கிறவங்க கூட்டத்துக்கு வந்து கை தூக்குங்க.

அதுவரைக்கும், வீட்டுல தோட்டத்துக் காலத்து கோயில் படம், திருவிழா நோட்டீஸ், ரசீது எது இருந்தாலும் வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு கொண்டு வாங்க. அன்னதானக் கூடத்துல ஸ்கேனரோட இருப்பேன், உடனே திருப்பிக் கொடுத்துடுவேன். அந்தப் பாட்டியையும் வரச் சொல்லியிருக்கேன். அவங்க ஞாபகத்துல இருக்கிற பேரையெல்லாம் எழுதி எடுக்கணும். அதுக்கு முன்னாடி, கல் எங்க போச்சுன்னு உண்மையைச் சொல்லணும்.