வேலிக் கள்ளியும் விலைக் கள்ளியும்

பழக்கடையில் அடுக்கி வைத்திருக்கும் அச் செந்நிறப் பழத்தை 'டிராகன் புரூட்' என்று நாக்குழற விலை கேட்கும் தமிழனிடம், "இது கள்ளிப்பழம் ஐயா" என்று சொல்லிப் பாருங்கள், கையிலெடுத்ததை வைத்துவிடுவான். கள்ளியென்றால் அவனுக்கு இழிவு. அயற்பெயர் பூண்டு வந்தால் அக் கள்ளியே விருந்து!

எம் இளமையில் ஊர்ப்புறத்து வேலியெங்கும் நாகதாளிதான். அதன் பழத்தைக் கோலால் தட்டி வீழ்த்தி, சுணை போக மணலிற் புரட்டித் தேய்த்து, பிளந்து, நடுவிலுள்ள விண்மீன் போன்ற முள்ளைக் களைந்தெறிந்து உண்போம். நாவும் உதடும் செக்கச் சிவந்துவிடும். வீட்டில் பொய் சொல்லித் தப்ப இயலாது. சுணையை அரைகுறையாய்த் தேய்த்தவன் பட்ட பாட்டை இங்கு எழுத வேண்டா.

நாகதாளியும் இம் மண்ணிற் பிறந்ததன்று. அமெரிக்கக் கண்டத்தினின்று வந்தது. கழக நூல்கள் கூறும் கள்ளி, நச்சுப்பால் வடியும் வேறினம். நாகதாளிக்குப் பாலே இல்லை. அது காடாய் மண்டியபோது, அதனை அழிக்கும் பூச்சியை 1926இல் இலங்கையினின்று கொணர்ந்து விட்டனர். தென்னாட்டுப் புதர்கள் பேரளவில் மடிந்தன. ஆயினும், வந்த செடியை நம் முன்னோர் தம் நாவாலேயே அழைத்தனர். கடல் கடந்து வந்த மிளகாய்க்கும் மிளகைக் கொண்டன்றோ பெயரிட்டனர்? அவ் வன்மை இன்று எங்கே போயிற்று?

கடையிலுள்ள பழமும் மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதிகளுக்கு உரியதே. வியத்துநாமியர் அதனைத் தம் மொழியில் 'தான் லோங்' என்றனர். குசராத்து அரசு 2021இல் 'கமலம்' என்று பெயர் மாற்றியது. அது அவர்கள் விருப்பம். பற்றியேறிப் படரும் கள்ளியாதலின் நாம் 'கொடிக்கள்ளி' என்போம்.

கொடிக்கள்ளி வளர்ப்பது அரிதன்று. ஆளுயரக் கல்தூண் நட்டு, உச்சியில் வளையம் பொருத்தி, தூணுக்கு நான்கு தண்டு ஊன்றுக. நீர் தேங்கினால் தண்டு அழுகும். பூ இரவில் மலர்ந்து காலையில் வாடும். ஏறத்தாழ ஒரு திங்களில் பழம் பறிக்கலாம். ஆனால் தூணுக்கே பெருமுதல் வேண்டும். வானம் பார்த்த நிலத்து உழவன் எங்கே போவான்? அவன் வரப்பில் நிற்கும் நாகதாளிக்குத் தூணும் வேண்டா, நீரிறைக்கவும் வேண்டா. அதன் இனத்தையே சிசிலியில் தோட்டப்பயிராக்கி விற்கின்றனர். மெக்சிகோ மக்களோ இளமடலையும் கறியாக்கி உண்கின்றனர். தம் நாட்டுக் கொடியிலேயே கள்ளிமேல் கழுகை அமர்த்தியிருக்கின்றனர்! நாமோ வேலியிற் கனிந்ததைக் காக்கைக்கு விட்டுவிட்டு, கடையில் காசை அவிழ்க்கிறோம். மேய்ச்சல் நிலத்தில் பரவவிடாது வேலியளவில் வைத்துப் பேணினால், பழத்திற்குப் பழமும் காவலுக்குக் காவலும் ஆகும்.

அடுத்த முறை கடைக்குச் சென்றால், "கொடிக்கள்ளிப் பழம் என்ன விலை?" என்று கேளுங்கள். கடைக்காரர் விழிப்பார். விரலால் சுட்டிக்காட்டி, மறுபடியும் அப்படியே கேளுங்கள்.